சிலுவைப்பிச்சையின் தண்ணீர்

நாமக்கல்லில், லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், நல்லசிவம் வீட்டு மீன்தொட்டித் தண்ணீர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் உப்பாகிப் போனது. அதற்கு முந்தின ஞாயிறு வரைக்கும் அது காவிரித் தண்ணீர்தான். நகராட்சிக் குழாயில் வந்ததைப் பிடித்து, குளோரின் வாசம் போக மொட்டைமாடியில் வெயிலில் வைத்து, பிறகு குடம் குடமாய் ஊற்றி நிரப்பிய நல்ல தண்ணீர். அதில் ஏஞ்சல் மீன்களும், நெற்றியில் சிவப்புக் கோடு போட்ட சின்னச் சின்ன டெட்ராக்களும், சதா கண்ணாடியை நக்கிக்கொண்டே இருக்கும் கிழட்டு மீன் ஒன்றும் சண்டை சச்சரவில்லாமல் வாழ்ந்து வந்தன.

நல்லசிவம் பட்டறையில் வெல்டர். வாரம் முழுக்கக் கண்ணைக் கூசவைக்கும் நெருப்புக்கு முன்னால் குந்தியிருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிர்ச்சியாக எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டு, சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை மொண்டு, சொட்டு மருந்து விட்டு, மூடிக் குலுக்கி, நிறம் வரும்வரை காத்திருந்து, அட்டையிலிருக்கும் நிறத்தோடு ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பான். மஞ்சளாகவே இருந்தால் அம்மோனியா இல்லை, நல்லது. பச்சை தட்டினால் மீன்களின் கழிவே மீன்களுக்கு விஷமாகத் திரும்புகிறது, தண்ணீர் மாற்ற வேண்டும். கல்யாணமான புதிதில் அவன் மனைவி கித்தேரி, இதெல்லாம் எதற்கு என்று கேட்டபோது, "மீனு வாயத் தொறந்து சொல்லாதில்ல புள்ள, அதுக்கு என்ன பண்ணுதுன்னு தண்ணியத்தான் கேக்கோணும்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்டபோது தண்ணீர் சொன்ன பதில் எந்த அட்டையிலும் இல்லை. காரம் பார்க்கும் குழாய் கருநீலமாயிற்று. உப்பு காட்டும் பேனாவை முக்கினால் எண் கண்டபடி ஏறி, கடைசியில் ஒன்றுமே காட்டாமல் நின்றுவிட்டது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நல்லசிவம் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, தொட்டியில உப்புக் கொட்டுனீங்களா?" என்று சத்தம் போட்டான்.

"நாங் கொழம்புக்கே உப்புப் போட மறந்துட்டு நிக்கிறேன்" என்றாள் அடுப்படியிலிருந்து அவன் அம்மா பாவாயி.

முதலில் மீன்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வீட்டிலிருந்த பாத்திரங்கள் போதவில்லை. சந்து முழுக்க ஓடி ஓடிக் கேட்டதில், எதிர்வீட்டு டீச்சர் வசந்தாமணி தன் பித்தளை அண்டாவோடு வந்து இரண்டு ஏஞ்சல் மீன்களை வாங்கிக்கொண்டு போனாள். லாரி டிரைவர் குப்பண்ணன் கிழட்டு மீனைத் தண்ணீர்க் கேனில் போட்டுக்கொண்டு, "எனக்கும் வயசாகுது, அதுக்கும் வயசாகுது, ஒண்ணா இருந்துக்கறோம்" என்றார். டெட்ராக்கள் வீட்டுக்கு நாலாய், ஐந்தாய், ஹார்லிக்ஸ் பாட்டில்களிலும் பிளாஸ்டிக் வாளிகளிலும் குடிபோயின. தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி நல்ல தண்ணீர் நிரப்பினான் நல்லசிவம். மறுநாள் காலையில் அது மறுபடி உப்பாக இருந்தது. அதோடு, விளிம்பு வரை நிரப்பிய தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது; மத்தியானம் பார்த்தால் மறுபடி விளிம்புக்கு ஏறி நின்றது; சாயங்காலம் மறுபடி இறங்கியது.

கித்தேரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினாள். தொட்டிக்கு முன்னால் வந்து நின்று, இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தவள், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது ஏத்தமும் வத்தமும்ங்க" என்றாள். "கடல் ஏறுறதும் வத்துறதும். எங்க ஊர்ல இப்ப வத்த நேரம்."

கித்தேரியின் ஊர் கல்லந்துறை. தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே, மணலும் மாதாகோவிலும் படகுகளுமாக ஒரு கடற்கரை. அம்மாவைச் சின்ன வயதிலேயே இழந்தவளை அப்பா சிலுவைப்பிச்சைதான் வளர்த்தார். எஞ்சின் பூட்டிய சின்ன வள்ளத்தில் மீன்பிடித்து அவளை நர்ஸ் படிப்பு படிக்கவைத்தார். வேலைக்கு நாமக்கல் வந்தவள், கையில் வெல்டிங் தீக்காயத்தோடு வந்த நல்லசிவத்துக்குக் கட்டுப் போட்டாள். காயம் ஆறிய பிறகும் அவன் கட்டு மாற்ற வந்துகொண்டே இருந்தான். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடித்து ஊருக்குப் போனபோது சிலுவைப்பிச்சை வாசலிலேயே நிறுத்தி, "இனி உனக்கும் இந்தக் கரைக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ஆறு வருஷமாயிற்று. கித்தேரி மாதாமாதம் போன் செய்வாள். அவர் எடுப்பார், பேசமாட்டார்; அவள் "அப்பா" என்று சொன்னதும் மூச்சுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும், பிறகு வைத்துவிடுவார்.

நாமக்கல்லில் கடல் வந்த செய்தி கேட்டு ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனபோது, எதனால் வந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்களே தவிர, வந்ததைப் பற்றி யாரும் சந்தேகப்படவில்லை. வசந்தாமணி டீச்சர், ஒரு காலத்தில் பூமி முழுக்கக் கடலாகத்தான் இருந்தது, ஏதோ ஒரு சொட்டு ஞாபகம் வந்து திரும்பியிருக்கிறது என்றாள். குப்பண்ணன், இத்தனை வருஷமாய்த் தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றிக்கொண்டு வந்து இதே சந்தில் லாரியைக் கழுவியதால் வந்த வினை என்றார். வளர்ப்புமீன் கடை ஜாபர், தான் விற்ற பவளக்கல் ஜல்லிமேல் பழி வருமோ என்று பயந்து ஓடிவந்து, தண்ணீரைப் பார்த்ததும், "நல்லசிவம், உப்புத் தண்ணிக்கு வேற டெஸ்ட் கிட்டுப்பா" என்று மட்டும் சொல்லி, உப்பின் அடர்த்தி காட்டும் ஊசி வைத்த சின்ன டப்பா ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தார். நகராட்சியிலிருந்து வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "குடிதண்ணின்னா நாங்க, சாக்கடைன்னாலும் நாங்க. கடல் எங்க பொறுப்புல வராதுங்க" என்று சொல்லி ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார்.

பாவாயி மட்டும் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "பொண்ணக் கட்டிக் குடுத்தா பொறந்த வூட்டுச் சீரு வரணுமில்ல? நம்ம கித்தேரிக்கு ஒண்ணும் வல்லயே, வல்லயேன்னு நெனச்சுட்டு இருந்தேன். வந்துருச்சு."

கித்தேரி அதைக் கேட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆடி அமாவாசைக்குள் சந்து அதற்குப் பழகிவிட்டது. ராமேசுவரம் போக முடியாதவர்கள் சந்து முனை வரைக்கும் வரிசையில் நின்றார்கள். பாவாயி ஆளுக்கொரு டம்ளர் மொண்டு கொடுக்க, அதைத் தலையில் தெளித்து, செத்துப்போன அப்பன் பாட்டன் பெயர்களைச் சொல்லி எள்ளும் தண்ணியும் இறைத்தார்கள். கழுத்தில் சிலுவை போட்ட கித்தேரி பக்கத்தில் நின்று வழுக்காமல் இருக்கக் கோணிச் சாக்கு விரித்துவிட்டாள். எத்தனை டம்ளர் மொண்டும் தொட்டி குறையவில்லை. வெளியூர் போய்த் திரும்பிய லாரி டிரைவர்கள் வாசலில் நின்று மூச்சை இழுத்து, "விசாகப்பட்டணத்து வாசமில்ல இது, காண்ட்லா வாசமுமில்ல, நம்ம தெக்குப் பக்கந்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

நல்லசிவத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை கூடிப்போனது. தன் வீட்டுக் கடலைப் பார்த்து முடித்ததும், சொட்டு மருந்துப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, மீன் குடியிருக்கும் வீடுகளுக்கெல்லாம் வரிசையாகப் போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு வர வேண்டும். டீச்சர் வீட்டுக் குழாய் ஒருதரம் பச்சையாகிவிட்டது. கிளறிக் கேட்டதில், பாசம் மிகுந்து காலையும் மாலையும் இட்லி பிய்த்துப் போட்டிருக்கிறாள். "பசியோட பாக்கற மாதிரியே இருந்துச்சு சிவம்" என்று அழாத குறையாகச் சொன்னாள். அதற்குமுன் நல்லசிவம் அந்தச் சந்தில் பாதி வீடுகளுக்குள் போனதே இல்லை. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் அவனுக்கு ஒரு நாற்காலி இருந்தது.

ஆவணியில்தான் கித்தேரி அதைக் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டித் தண்ணீர் கரைத் தண்ணீராக, மணல் கலங்கி, நுரை ஒதுங்கி இருந்தது. மற்ற நாட்களில் விடிந்ததும் அது தெளிந்து, மெல்ல மெல்ல ஆழம் கூடியதுபோல் நீலமாகி, மத்தியானத்துக்குமேல் மறுபடி கரைத் தண்ணீராகத் திரும்பியது. ஒருநாள் அந்த நீலத்தில் ஒரு துண்டு வலை மிதந்து வந்தது. அவள் அதை எடுத்து முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள். சிலுவைப்பிச்சை இடதுகைக்காரர், அவர் போடும் முடிச்சு மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் விழும். சின்ன வயதில் அந்த முடிச்சைப் பார்த்துப் பார்த்து, அப்படித்தான் உலகத்தில் எல்லாரும் முடிச்சுப் போடுவார்கள் என்று நினைத்திருந்தவள் அவள்.

"அத்தை, இது கடல் இல்ல" என்றாள், ஈரக்கையோடு அடுப்படிக்கு வந்து. "எங்கப்பா நிக்கிற எடம். அவர் எந்தத் தண்ணிக்குப் பக்கத்துல இருக்காரோ அந்தத் தண்ணி நம்ம வீட்டுக்கு வருது."

பாவாயி வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "அப்பிடியா" என்றாள். "அப்ப காத்தால தண்ணி நீலமாச்சுன்னா உங்கப்பா கெளம்பிட்டாருன்னு அர்த்தம். திரும்பி வர்றவரைக்கும் வூட்ல ஆராச்சும் இருக்கோணும், அவ்வளவுதான் கண்ணு."

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "சிலுவையண்ணன் போயிட்டாருங்களா?" என்று கேட்டார்கள்; நீலமாக இருந்தால், "போயிட்டாரு" என்று பாவாயி சொன்னாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சர், "திரும்பிட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் வீட்டுப் பூட்டைத் திறந்தாள். ஆவணிக் கடைசியில் ஒரு வாரம் தண்ணீர் கரையை விட்டு நகரவேயில்லை. சந்து முழுக்க அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று கவலைப்பட்டது. அடுத்த திங்கள் நீலம் வந்ததும் குப்பண்ணன் டீக்கடையில் எல்லாருக்கும் டீ சொன்னார். நேரில் பார்த்திராத, மகளோடு பேசாத, தான் இப்படிக் கண்காணிக்கப்படுவது தெரியாத ஒரு மனிதரை அந்தச் சந்து தன் வீட்டுப் பெரியவர் மாதிரி வழியனுப்பி, வரவேற்று, பழகிக்கொண்டது.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வியாழக்கிழமை காலையில் தண்ணீர் நீலமாகி, பாவாயி "போயிட்டாரு" என்று சொன்ன கொஞ்ச நேரத்தில் கறுத்தது. தொட்டிக்குள் அலை எழும்பிக் கண்ணாடியில் அறைந்து தரையெல்லாம் சிந்திற்று. பாவாயி கீழே வாளி வைத்தாள். பிறகு மேலே வண்ண வண்ணமாய் ஏதோ படர்ந்தது. வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாசம். நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த கித்தேரி அந்த வாசத்துக்கு எழுந்து வந்தாள். வள்ளத்து எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க் கேனின் சிவப்பு மூடி ஒன்று தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பாவின் போன் போகவில்லை. சில நாள் அவரோடு கடலுக்குப் போகும் ரெமிஜியுசைக் கூப்பிட்டாள்.

"நான் காய்ச்சல்ல கெடக்கேன்ளா. தனியாத்தான் போனாரு, வெளிப்பாருக்குப் போறேன்னாரு" என்றான் அவன். பார் என்பது கடலுக்கடியில் பாறை கிடக்கிற, மீன் கூடுகிற இடம். கரையிலிருந்து நேர் கிழக்கே வெகுதூரம். "இந்த மழையில போவாதீரும்னு சொன்னேன், கேக்கல. நீ வை, நான் ஆள் கூட்டிட்டு எறங்குதேன்."

படகுகள் வெளிப்பாருக்குப் போயின. அங்கே ஒன்றுமில்லை. மழையில் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை என்று ரெமிஜியுஸ் சொன்னான். பட்டறையிலிருந்து நல்லசிவம் ஓடிவந்தான். சொல்லாமலே சந்து முழுக்க வீட்டுக்குள் வந்து நின்றது. கித்தேரி தொட்டியின் இரண்டு பக்கமும் கைவைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதைவிட்டால் எதுவோ கவிழ்ந்துவிடும் என்பதுபோல.

அலை மெல்ல அடங்கியது. தண்ணீரின் நிறம் மாறத் தொடங்கியது. கறுப்பிலிருந்து பழுப்புக்கு, பால் குறைந்த டீ மாதிரி. நல்லசிவம் ஜாபர் கொடுத்த டப்பாவில் மொண்டு ஊசியைப் பார்த்தான். ஆடியிலிருந்து அசையாமல் ஒரே கோட்டில் நின்ற ஊசி இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மொண்டான். இன்னும் இறங்கியிருந்தது.

"உப்புக் கொறையுது" என்றான்.

 டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் ஒரே நினைப்புதான்: கடல் இந்த வீட்டை விட்டுப் போகிறது. அவர் போய்விட்டார், அதனால் தண்ணீரும் போகிறது. பாவாயி எழுந்து வந்து கித்தேரிக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

நல்லசிவத்துக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது, அதனால் தெரிந்ததைச் செய்தான். பழைய பெட்டியை எடுத்து, ஒவ்வொரு குழாயாக நிரப்பி, சொட்டு விட்டு, குலுக்கி, ஜன்னலோரம் வரிசையாக நிறுத்தினான். காரம் பார்க்கும் குழாய் கருநீலம் போய்ப் பச்சைக்கு வந்தது. அடுத்த குழாய் மஞ்சளிலிருந்து ஆரஞ்சாகி, செக்கச்செவேலென்று சிவந்தது.

"கித்தேரி, இங்க பாரு" என்றான். "இது நம்ம தண்ணியா மாறல. நம்ம தண்ணியாயிருந்தா இந்தக் குழாய் செவக்காது. இவ்வளவு செவந்தா வயக்காட்டுல போட்ட உரம் கரைஞ்சு வந்திருக்குதுன்னு அர்த்தம். உப்பும் இருக்குது, உரமும் இருக்குது, சேறும் இருக்குது. ரெண்டு தண்ணி கலந்து கெடக்குது புள்ள."

கித்தேரி பாவாயியின் கையை விலக்கிக்கொண்டு எழுந்தாள். சிவந்த குழாயைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். பழுப்புத் தண்ணீரில், கண்ணாடியோரமாக, விரல் நீளத்துக்கு ஒரு வாழைச் சருகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏரல் பக்கத்து ஆத்தங்கரை வாழை" என்றாள். "ஆத்துத் தண்ணிங்க இது. வெள்ளம் கடல்ல வந்து விழுற எடம்." அவள் கை அதற்குள் போனை அழுத்தியிருந்தது. "ரெமி அண்ணே, பாருல தேடாதீங்க. அவர் அங்க இல்ல. வாடைக் காத்து தெக்க இழுத்துட்டுப் போயிருக்கு. ஆத்துமொகத்துக்குப் போங்க, செவத்தண்ணி பரந்து கெடக்கும்ல, அதுக்குள்ள பாருங்க."

"நாமக்கல்லுல இருந்துக்கிட்டு எப்படிளா சொல்லுத?"

"எங்க வீட்டுல தண்ணி இருக்குண்ணே. பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

ரெமிஜியுஸ் கடலில் பிழைக்கிறவன், தண்ணீர் சொல்வதைத் தண்ணீர் சொல்கிற விதத்திலேயே எடுத்துக்கொள்ளப் பழகியவன். "சரிளா" என்று வைத்தான்.

அதன்பிறகு அந்த வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. மழை நாமக்கல்லிலும் பெய்துகொண்டிருந்தது. யாரோ காப்பி வைத்தார்கள், யாரும் குடிக்கவில்லை. நல்லசிவம் மொண்டு மொண்டு ஊசியைப் பார்த்தான், அது அங்கேயே நின்றது. பிறகு, வெளிச்சம் மங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஊசி ஒரு கோடு ஏறியது. இன்னொரு கோடு ஏறியது. பழுப்பு கரைந்து, தண்ணீர் தெளிந்து, தொட்டி ஓரத்தில் மெல்லிசாய், வெள்ளையாய், கரைநுரை ஒதுங்கியது.

"கரைக்கு வந்துட்டாரு" என்றார் குப்பண்ணன், சத்தமில்லாமல்.

போன் அதற்கப்புறம்தான் அடித்தது. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு செந்தண்ணீருக்குள் கிடந்தாராம். தோள்பட்டை இறங்கியிருக்கிறது, உடம்பெல்லாம் விறைத்திருக்கிறது, உயிர் இருக்கிறது, வாயும் இருக்கிறது, வள்ளத்தை விட்டுவிட்டு வந்ததற்குத் திட்டிக்கொண்டே வருகிறார் என்றான் ரெமிஜியுஸ்.

மறுநாள் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் கித்தேரியும் நல்லசிவமும் போய் நின்றபோது, சிலுவைப்பிச்சை கண்ணை மூடிப் படுத்திருந்தார். கித்தேரி குளுக்கோஸ் இறங்கும் வேகத்தைச் சரிசெய்தாள், போர்வையைக் காலுக்கு இழுத்துவிட்டாள், நாடி பிடித்தாள். பிடித்த கையை அவர் விடவில்லை.

"ரெமி சொன்னான்" என்றார், கண் திறக்காமல். "தண்ணியப் பாத்துச் சொன்னியாமே."

"ஆமாப்பா. இவுகதான் பாத்துச் சொன்னாக."

கண்ணைத் திறந்து மருமகனை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தார். நல்லசிவம் எல்லாவற்றையும் சொன்னான். ஆடியில் வந்தது, ஏறி இறங்கியது, குழாய் சிவந்தது, சந்து முழுக்கக் காத்திருந்தது.  எல்லாம் முடிந்த பிறகு அவர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் வள்ளத்துல இருந்து பேசுறதெல்லாம் அந்தத் தண்ணில கேக்குமா?"

"இல்லப்பா. தண்ணி மட்டுந்தான் வரும்."

"நல்லதாப் போச்சு" என்றார்.

கித்தேரி கட்டிலோரம் உட்கார்ந்தாள். "என்னப்பா பேசுவீங்க?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு மீன் படல கித்தேரின்னு சொல்லுவேன். முட்டு வலிக்குன்னு சொல்லுவேன். கரையில ஆளு இருக்கும். கடல்ல வச்சுத்தான் பேசத் தோதுப்படும்." சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஆறு வருசமாப் பேசுதேன்" என்றார்.

தோள் ஆறி, ஊர் உதவியோடு வள்ளத்தைக் கரைக்கு இழுத்துவந்து சரிசெய்து, மாசி மாதத்தில் ஒருநாள் சிலுவைப்பிச்சை நாமக்கல்லுக்குப் பஸ் ஏறி வந்தார், கருவாட்டுப் பையும் தோளில் துண்டுமாக. சந்து முனையில் இறங்கியதும், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வீட்டு வாசலில் வந்து நின்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் மிரண்டு போனார். "சிலுவையண்ணே, ஆவணியில ஒரு வாரம் போகலயே, என்னாச்சுங்க?" என்று குப்பண்ணன் கேட்டபோது, யோசித்து, "வயித்தால போச்சுய்யா" என்று உண்மையைச் சொன்னார். பாவாயி வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். கிறிஸ்தவருக்கு ஆரத்தி எடுக்கலாமா என்று டீச்சர் மெல்லக் கேட்டதற்கு, "வர்றவருக்கு எடுக்கறதுதான், அதிலென்ன" என்று சொல்லிச் சுற்றிவிட்டாள்.

அவர் வீட்டுக்குள் வந்தபோது தொட்டியில் உப்பில்லை. ஊசி அடிமட்டத்துக்குப் படுத்துவிட்டது. அவருக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் அந்தச் சந்தின் குழாய்த் தண்ணீர்தான் என்பதால், ஏழு மாதத்துக்கப்புறம் அங்கே காவிரி வந்து நின்றது. சிலுவைப்பிச்சை விரலை விட்டு நக்கிப் பார்த்து, "சப்புனு இருக்கே" என்றார் ஏமாற்றத்தோடு. நல்லசிவம் குழாய்களை நிரப்பி எல்லா நிறங்களையும் மாமனாருக்குக் காட்டினான். "இப்ப மீன விடலாமுங்க மாமா, தண்ணி அருமையா இருக்குது" என்றவன், "வேண்டாம், நீங்க ஊருக்குப் போனா மறுபடி உப்பாயிரும்" என்று தானே சொல்லிக்கொண்டான். மீன்களைத் திருப்பிக் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. டீச்சர் தன் இரண்டுக்கும் பெயர் வைத்துவிட்டாள்.

சில நாள் இருந்தார். மகள் டியூட்டி முடிந்து வரும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பார், வந்ததும் உள்ளே எழுந்து போய்விடுவார். அவள் தட்டில் மீனை முள்ளெடுத்து வைப்பார். பேசியது அதிகமில்லை. பிறகு காற்று மாறிவிட்டதென்று சொல்லி, ஒருநாள் விடிந்ததும் கிளம்பினார்.

"போனதும் ஒரு போன் போடுங்கப்பா" என்றாள் கித்தேரி.

"போன்ல எனக்குப் பேச வராதுளா" என்று பஸ் ஏறினார்.

அன்று கித்தேரி லீவு போட்டாள். நல்லசிவமும் பட்டறைக்குப் போகவில்லை. தொட்டியைச் சுற்றிச் சந்து கூடியது. குழாய்த் தண்ணீர் முதலில் மணல் வாசமடிக்கும் ஆற்றுத் தண்ணீராகியது. "மோகனூர்ப் பாலம் தாண்டுறாரு" என்றார் எல்லா ரோடும் தெரிந்த குப்பண்ணன். பிறகு சாயம் கலந்ததுபோல் லேசாக நிறம் தட்டியது. "கரூரு, அமராவதி" என்றார். வெயில் ஏறிய நேரத்தில் தண்ணீர் மளமளவென்று இறங்கி, வற்றி, தொட்டியில் வெறும் மணலும் இரண்டு கருவேலஞ் சுள்ளியும் மட்டும் கிடந்தன. டீச்சர் பதறிப்போய் எழுந்தாள். "பயப்படாதீங்க டீச்சர், மதுரைங்க. வைகை" என்றார் குப்பண்ணன். அப்படியே எல்லாரும் காய்ந்த மணலைப் பார்த்துக்கொண்டு சோறுண்ணாமல் காத்திருந்தார்கள். சாயங்காலம் அடிமணல் ஈரமாகி, ஊறி, கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர் ஏறியது. நல்லசிவம் சொட்டு விட்டுப் பார்த்து, "எவ்வளவு நல்ல தண்ணி!" என்று தன்னை மறந்து சொன்னான். அது தாமிரபரணி. பிறகு ஊசி அசைந்தது. ஒரு கோடு, இன்னொரு கோடு, பழைய இடம். தொட்டி ஓரத்தில் நுரை ஒதுங்கியது.

பாவாயி முழங்காலில் கையூன்றி எழுந்தாள். "சம்மந்தி வூடு சேந்துட்டாரு. எல்லாரும் போய்ச் சாப்புடுங்க" என்றாள்.

எல்லாரும் போன பிறகு, கித்தேரி தரையில் சிந்திக்கிடந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தாள். வழக்கம்போல் மூச்சுச் சத்தம் கேட்டது. வைத்துவிடுவாரோ என்று அவள் அசையாமல் நின்றாள்.

"கித்தேரி" என்றார் சிலுவைப்பிச்சை. அவர் குரலுக்குப் பின்னால் அலைச்சத்தம் இருந்தது. "அப்பாதான்."

கித்தேரி நனைந்த துணியைத் தொட்டிமேல் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். நல்லசிவம் அவளைப் பார்த்தான். அவள் வாயில் விரல் வைத்து, வழியெல்லாம் தொட்டியில் பார்த்ததைச் சொல்லாதே என்று சைகை காட்டினாள்.

"என்னப்பா, ஊருக்கு வந்துட்டீங்களா?"

"இப்பத்தான் வந்து எறங்குனேன். வழியில வைகையில சொட்டுத் தண்ணி இல்லளா. வெறும் மணலு."

"அப்படியாப்பா?" என்றாள் கித்தேரி. "சொல்லுங்க. கெளம்புனதுல இருந்து சொல்லுங்க."